மேலிருந்து பார்த்தால் பச்சை

சின்னமனூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். பட்டா நகல் எடுப்பது, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் அங்கே என் வேலை. யாருடைய போனில் என்ன மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். "இது என்ன சொல்லுதுன்னு பாரு தாயி" என்பார்கள். பாதிக்கு மேல் விளம்பரமாக இருக்கும். அதையும் வரி விடாமல் படித்துச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் அவர்களுக்கு வரவேண்டிய ஏதோ அரசாங்கப் பணத்தை நான் அமுக்கிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

என் வீட்டுக்காரர் விவசாயம் பார்த்தவர். சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நிலம் எங்களுடையது இல்லை. தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நிலம். குத்தகைக்கு எடுத்து வாழை போட்டுவந்தார். கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளித்துப் பேசமாட்டார். ஆனால் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. நிலத்தில் வருஷா வருஷம் பயிர் நிற்க வேண்டும். ஒரு வருஷம் சும்மா கிடந்தாலும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

அந்த வருஷம் மாமா நேந்திரன் வாழை போட்டிருந்தார். கன்று நட்ட கையோடு பயிர்க் காப்பீடும் எடுத்தோம். ஒரு தனியார் கம்பெனி. அதன் ஆள் ஒருவர் பைக்கில் வந்து, மாமாவின் போனில் ஒரு ஆப்பை ஏற்றி, போனைக் கையில் பிடித்தபடி வரப்பைச் சுற்றி நடக்கச் சொன்னார். மாமாவும் சாமிக்குச் சப்பரம் தூக்குகிறவர் மாதிரி பயபக்தியோடு சுற்றிவந்தார். சுற்றி முடித்ததும் எங்கள் வயல் திரையில் ஒரு கோணல் சதுரமாக வந்து நின்றது. இனி மேலே சுற்றுகிற சாட்டிலைட் சில நாளைக்கு ஒருமுறை படம் எடுத்து அனுப்பும், பயிர் நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு, மண்ணில் ஈரம் எவ்வளவு என்பதையும் அதுவே சொல்லிவிடும் என்றார்.

"இனிமே ஆள் வந்து பாக்குற வேலையே இல்லண்ணே. காத்திருக்க வேண்டாம், யாருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டாம். மேல இருக்குற கண்ணுக்கு வேண்டியவுக வேண்டாதவுக கிடையாது" என்றார் அவர்.

எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. அலுவலக வாசல்களில் நான் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னொரு பட்டம் வாங்கியிருக்கலாம். யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு காரியம் நடக்கப்போகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மாமாவுக்கோ அது ஒரு விளையாட்டுச் சாமானாகவே ஆகிவிட்டது. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஆப்பைத் திறந்துவிடுவார். "இந்தா புள்ள, கெழக்க ஓரத்துல லேசா மஞ்சளடிக்குது பாத்தியா" என்று என் தூக்கத்தைக் கெடுப்பார். ஒருநாள் வயலுக்கு நடுவில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டிவிட்டு வந்து, படத்தில் தெரிகிறாரா என்று தேடினார். "நீங்க ஒரு ஆளு, உங்களைத் தேடித்தான் அது வானத்துல சுத்துதாக்கும்" என்றேன். "என்னையத் தெரியலேன்னா பரவாயில்ல, வாழையத் தெரியுதுல்ல" என்றார். அவர் அவ்வளவு குஷியாக இருந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆடியில் குலை திரண்டு வந்தது. எங்கள் பக்கத்து நேந்திரன் ஓணத்துக்குக் கேரளா போகும். கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக வந்த மலையாள வியாபாரி ஒருவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு குலையைத் தட்டி, "கொள்ளாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார், மலையாளத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை மாமா வாரம் முழுக்க வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரசம் கொள்ளாம், துவையல் கொள்ளாம், என் புதுச் சேலையும் கொள்ளாம்.

காற்று ஒரு மத்தியானத்தில் வந்தது. எங்கள் பள்ளத்தாக்குக்கு ஆடிக் காற்று புதிதில்லை. அதற்காகத்தான் ஒவ்வொரு மரத்துக்கும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தோம். ஆனால் அன்றைக்கு வந்தது அந்தக் காற்று இல்லை. சென்டரில் கரண்ட் போய், ஷட்டர் தானாக ஏறி இறங்கி, எதிர்க்கடையின் பேனர் எங்கள் வாசலில் வந்து ஒட்டிக்கொண்டது. அது ஓய்ந்த கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

எல்லா மரமும் கிழக்கு பார்த்துப் படுத்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இலையை மடித்த மாதிரி, ஒன்றுகூடப் பாக்கி இல்லை. பாதிக்கு மேல் ஒடியவில்லை, வேரோடு சாய்ந்து கிடந்தன. குலைகள் முக்கால் முற்றலில் மண்ணுக்குள் குத்தி நின்றன. மாமா ஒரு மரத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். நின்றது. கையை எடுத்ததும் சாய்ந்தது. பக்கத்து மரத்துக்குப் போய் அதையும் அப்படியே நிறுத்திப் பார்த்தார். நான் போய்க் கையைப் பிடிக்கிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். புகாரைப் பதிந்துகொண்டு, "ஆய்வு முடியுற வரைக்கும் வயலை அப்படியே வைங்க, எதையும் அப்புறப்படுத்தாதீங்க" என்றார்கள். போனில் எடுத்த போட்டோக்களையும் ஏற்றினேன். கிராம அலுவலகத்தில் இருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அது அரசாங்க நிவாரணம், வருகிறபோதுதான் வரும். காப்பீடு வந்தால்தான் கன்று, கம்பு, உரம் எல்லாம் வாங்கி மறுபடி நட முடியும். நட்டால்தான் நிலம் எங்களிடம் இருக்கும். எங்களுக்கு வேறு கணக்கே கிடையாது.

விழுந்த வாழையை எங்கள் ஊரில் யாரும் கிடக்க விடமாட்டார்கள். தலையை வெட்டி, தண்டைத் துண்டு போட்டு, வரிசைகளுக்கு நடுவே பரப்பிவிடுவார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் அந்த வேலை நடந்தது. எங்கள் தோட்டத்தில் மட்டும் சாவு வீட்டில் போலீஸ் வரும்வரை எதையும் தொடாமல் வைத்திருப்பதுபோல வைத்திருந்தோம். சிப்ஸ் போடுகிறவர்கள் வந்து அரைகுறைக் காயைக் கேட்டார்கள். குலையை வெட்டினால் வயலைத் தொட்டதாகிவிடும் என்று மாமா அவர்களையும் அனுப்பிவிட்டார். பார்க்க வருகிற ஆளுக்கு எல்லாம் விழுந்தது விழுந்தபடியே தெரிய வேண்டும் என்பதில் அவ்வளவு கவனம். வழியில் யாரும் குறுக்கே நடந்து இலையை மிதித்தால்கூடச் சண்டைக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வந்தது.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் ஆள் ஆளுக்கு முறை வைத்துத்தான் வரும். நம் முறையில் மடையைத் திறந்து பாய்ச்சிவிட வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டால் தண்ணீர் அடுத்தவருக்குப் போய்விடும். அதோடு நிற்காது. அடுத்த தடவை நம்மைக் கேட்கவும் மாட்டார்கள். மடை திறக்காத வயலை விவசாயத்தை விட்டவன் வயல் என்றே எடுத்துக்கொள்வார்கள். எனவே முறைத் தண்ணீரை விட்டுக்கொடுப்பது என்பது மாமாவுக்கு வேட்டியை அவிழ்த்துக் கொடுப்பதற்குச் சமம்.

"விழுந்து கெடக்குற வாழைக்கு எதுக்கு மாமா தண்ணி?" என்று கேட்டேன்.

"முறை வந்துருச்சுல்ல. விட்டுட்டா, அங்கன ஆளு இல்லன்னு எழுதிப்புடுவாக. மரந்தான் போச்சு, பக்கக்கன்னாச்சும் பொழைக்கட்டும். நாளைக்கு நடுறதுக்கு ஆகும்" என்றார்.

அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மடையைத் திறந்தார். தண்ணீர் விழுந்து கிடந்த மரங்களுக்கு அடியில் புகுந்து வயல் முழுக்க நின்றது. அடுத்த முறைக்கும் பாய்ச்சினார். வேர் பாதி மண்ணில் இருந்த மரங்கள் படுத்தபடியே பச்சையாக இருந்தன. பக்கக்கன்றுகள் கிளம்பின. அதைவிட வேகமாகப் புல்லும் கீரையும் கோரையும் கிளம்பின. களை எடுக்கலாம் என்றால் அதற்கும் ஆய்வு முடிய வேண்டும்.

ஆள் வரும் வேலையே இல்லை என்று பைக்கில் வந்தவர் சொல்லியிருந்தாலும், எதையும் தொடாதே என்றதால் ஆய்வுக்கு ஆள் வருவார் என்றே காத்திருந்தோம். எந்த பைக் சத்தம் கேட்டாலும் மாமா ரோட்டைப் பார்ப்பார். அந்த நாட்களில் மேற்கே மலையும் தெரியவில்லை, கிழக்கே மலையும் தெரியவில்லை, ஒரே மூட்டம். ஆப்பைத் திறந்தால் எங்கள் வயல் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது மேகம். படம் வருவதும் வெள்ளையாக இருப்பதுமாகவே நாட்கள் போயின. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள்தான் வரப்போகிறாரே, நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

ஒருநாள் சென்டரில் வேலைக்கு நடுவே எங்கள் புகாரின் நிலையைத் தட்டிப் பார்த்தேன். செயற்கைக்கோள் வழி ஆய்வு நிறைவடைந்தது என்று இருந்தது. அதற்குக் கீழே, பயிர் இழப்பு உறுதி செய்யப்படவில்லை என்று இருந்தது. இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஊரில் எல்லாருக்கும் படித்துச் சொல்கிறவள், என்னுடையதை எனக்கே படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதாயிற்று.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஆய்வு முடிஞ்சிருச்சா? எப்ப வந்தாக? நான் இங்கனயேதான கெடக்கேன், யாரும் வரலையே" என்றார்.

"மேல இருந்து பாத்துட்டாகளாம் மாமா."

"பாத்துட்டுமா இல்லன்றாக?"

உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தது ஒரு பெண், குரலைப் பார்த்தால் என்னைவிட ரொம்பச் சின்னவள். வாயில் வந்ததையெல்லாம் பேசத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் எடுத்ததும் பொறுமையாக எங்கள் வயலின் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். காற்று வருவதற்கு முந்தைய படம், நல்ல பச்சை. அதற்கப்புறம் எல்லாம் மேகம். மேகம் விலகி எடுத்த முதல் படம், மறுபடி நல்ல பச்சை. "சொல்லப்போனா அக்கம்பக்கத்தைவிட உங்க வயல்தான் பச்சையா இருக்குக்கா. பக்கத்து வயல்லாம் சிவப்பாக் காட்டுது" என்றாள்.

பக்கத்து வயல்காரர்கள் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். அவர்கள் வயலில் வெறும் மண். நாங்கள்தான் நீங்கள் சொன்னீர்கள் என்று எதையும் தொடாமல் வைத்திருந்தோம் என்றேன். அது படுத்துக் கிடக்கிற பச்சை, களையின் பச்சை என்றேன்.

"புரியுதுக்கா. ஆனா மேல இருந்து பாத்தா படுத்திருக்கா நிக்குதான்னு தெரியாதுல்ல. மண்ணுல ஈரமும் நல்லா இருக்குக்கா. பயிர் போயிருந்தா யாரும் தண்ணி பாய்ச்ச மாட்டாங்கன்னு இங்க குறிப்பு எழுதியிருக்காங்க."

முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளால் அந்தத் திரையைப் பார்க்கத்தான் முடியும், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் பார்ப்பேன். "போட்டோ அனுப்பினேனே" என்றேன். "போட்டோவை எங்க வேணா எடுக்கலாம்னு சொல்வாங்கக்கா" என்றாள். கடைசியில், "எனக்கு இங்க பச்சையாத்தான் தெரியுது, நான் என்னக்கா பண்ணட்டும்?" என்று கேட்டாள். நிஜமாகவே என்னிடம் கேட்டது மாதிரிதான் இருந்தது. போனை வைத்துவிட்டேன். ஒரு அலுவலகத்தில் எவனாவது திமிராகப் பேசியிருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். இங்கே திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

மேல்முறையீடு என்று ஒரு வழி இருந்தது. எழுதினேன். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கைதான், வார்த்தைக்குக் குறைவில்லை. மறுபடியும் பரிசீலித்ததாகவும் முடிவில் மாற்றம் இல்லை என்றும் பதில் வந்தது. எதைப் பரிசீலித்திருப்பார்கள்? அதே படங்களைத்தான். எங்கள் வாழ்க்கையில் நடந்த காரியம் மேகத்துக்கு அடியில் நடந்துவிட்டது. அதற்குச் சாட்சி நாங்களும் ஊர்க்காரர்களும்தான், நாங்கள் சொன்னாலும் கிராம அலுவலகம் சொன்னாலும் அந்தக் கம்பெனியில் செல்லாது.

மாமா ஒரு நாள் அரிவாளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்ப எல்லாத்தையும் வெட்டிப்புட்டா செவப்பாக் காட்டுமா?" என்று கேட்டார்.

"காட்டும். ஆனா நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சேம்பாக. நீங்களே வெட்டிட்டீகம்பாக."

"அது சரி" என்று சொல்லிவிட்டு, தீட்டிய அரிவாளை எடுத்து இறவாரத்தில் செருகினார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

தீபாவளி முடிந்து தேனிக்குப் போனோம். பாத்திரக்கடைக்காரர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் முழுக்கக் கேட்டார். மாமா போனைத் திறந்து படத்தைக் காட்டினார். எதற்குக் காட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பச்சையாத்தான தம்பி இருக்கு?" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். கார்த்திகை வரைக்கும் பொறுப்பதாகவும், அதற்குள் நட்டுவிட்டால் நிலம் உனக்குத்தான் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவரைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கன்றுக்கும் கம்புக்கும் பணம் புரளவில்லை, கார்த்திகையில் நிலம் இன்னொருவர் கைக்குப் போனது. கொய்யா வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

மாமா ஏலத்தோட்ட வேலைக்குப் போக ஆரம்பித்தார். விடியுமுன் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும். ஜீப்பில் பாதிப் பேர் ஒரு காலத்தில் யாரையாவது வேலைக்குக் கூப்பிட்டவர்கள்தான், இப்போது அவர்களே கூலிக்குப் போகிறார்கள். மாமா திரும்பி வரும்போது கையெல்லாம் ஏலக்காய் மணக்கும். அந்த மணம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பாயசத்துக்குக்கூட இப்போதெல்லாம் போடுவதில்லை.

ஒருநாள் மத்தியானம் எஸ்டேட்டில் இருந்து போன் வந்தது. அங்கே டவர் கிடைப்பது அபூர்வம், அதனால் பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல புள்ள, ஒரு மெசேஜ் வந்திருக்கு. உனக்கு அனுப்பிருக்கேன், என்னன்னு பாரு."

பார்த்தேன். அந்த ஆப்பில் இருந்து வந்திருந்தது. அதை அவர் போனில் இருந்து எடுக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கவில்லை. வயலின் கோணல் சதுரம் முழுக்கச் சிவப்பு. உங்கள் வயலில் பயிர் வளர்ச்சி கடுமையாகக் குறைந்துள்ளது, மண்ணின் ஈரமும் குறைவாக உள்ளது, உடனடியாக வயலை நேரில் சென்று பார்க்கவும் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். புதுக் குத்தகைக்காரர் டிராக்டர் விட்டு எல்லாவற்றையும் மடக்கி உழுதிருக்கிறார் என்று புரிந்தது.

வார்த்தைக்கு வார்த்தை படித்துச் சொன்னேன்.

"நேர்ல போய்ப் பாக்கச் சொல்றாகளா?" என்றார்.

"ஆமா மாமா."

சிரிப்பார் என்று நினைத்தேன். நானும் சேர்ந்து சிரிக்கத் தயாராக இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "சாயந்தரம் வீட்டுக்குப் போறப்ப, அங்கன ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறியா?" என்றார்.

போனேன். அறுவடை முடிந்த நிலம் மாதிரி இல்லாமல், ஒன்றுமே நடந்திராத புது நிலம் மாதிரி சுத்தமாகக் கிடந்தது. ஆட்கள் சொட்டுநீர்க் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து, "என்னக்கா வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். ஜீப்பில் வந்துகொண்டிருந்தார்.

"நல்லா உழுதிருக்காக மாமா" என்றேன்.

"ஈரம் இருக்கா?"

"இருக்கு."

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். ரோட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன். அந்த வரப்பில் இறங்க எனக்குக் கால் வரவில்லை.